கரண்ட் வந்தால் தானாக ஓடும்

இந்த ஸ்டேஷன் டீ நன்றாக இருக்கிறது, ஐயா. எங்கள் யூனிட்டுக்குக் கேனில் வரும் டீ, ஷெட்டுக்குள் நுழைவதற்குள் ஆறி ஆடை கட்டிவிடும். சூடாக ஒரு வாய் டீ குடிக்கக்கூடக் கொடுப்பினை வேண்டும்.

நிதானமாகச் சொல்லு என்றீர்கள். நிதானம் எனக்குப் பழக்கம்தான். அவசரக்காரன் கம்ப்யூட்டர் பக்கமே வரக்கூடாது. ஒரு புள்ளி விட்டுப்போனாலும் அது ஓடாது. நீ யார் பெற்ற பிள்ளை, யார் சிபாரிசில் வந்தாய் என்றெல்லாம் பார்க்காது. சரியாகச் சொன்னால் செய்யும், தப்பாகச் சொன்னால் சும்மா கிடக்கும். மனுஷர்களிடம் அந்த நேர்மையை நான் பார்த்ததில்லை.

டேனியலைப் பற்றிச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். அருள்புரத்தில் ஞானசம்பந்தம் முதலாளியின் வாஷிங் யூனிட்டில், டிரையருக்குள் மாட்டிச் செத்தானே, அந்த டேனியல். உங்கள் ஸ்டேஷனில் அது விபத்து என்று இருக்கிறது. எலக்ட்ரீஷியன் கன்னையன் அஜாக்கிரதையாக இருந்தார் என்று அவர்மேல் வழக்கும் போட்டிருக்கிறீர்கள். கன்னையனுக்காக நான் வரவில்லை. நான் பேச வாயைத் திறந்தாலே கொட்டாவி விடுகிற மனுஷன் அவர். கொஞ்ச நாள் உள்ளே இருந்துவிட்டு வந்தால் ஒன்றும் குறைந்துபோகாது.

என் பெயர் முருகேஷ். அந்த யூனிட்டில் கம்ப்யூட்டர் வேலை முழுக்க என் பொறுப்பு. டிரையரை ஓட்டிய சின்ன கம்ப்யூட்டரை அமைத்தவன் நான்தான். அதை முதலில் சொல்லாவிட்டால் மற்றது உங்களுக்கு விளங்காது.

டிரையர் என்பது துவைத்துப் பிழிந்த பனியனை உலர்த்துகிற மிஷின். ஓர் ஆள் உள்ளே குனிந்து உட்காரலாம், அவ்வளவு பெரிய இரும்பு டிரம். உடம்பெல்லாம் ஓட்டை. சூடான காற்று ஓட்டை வழியாகப் புகுந்து வர, டிரம் சுற்றிக்கொண்டே இருக்கும். முன்பு அதை ஓட்டிக்கொண்டிருந்த கன்ட்ரோல் பெட்டி ஒரு மழைநாளில் எரிந்துபோனது. வெளிநாட்டிலிருந்து புதிது வர மாதக்கணக்கில் ஆகும் என்றார்கள். முதலாளி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். நான்தான் செய்துகொடுத்தேன். டிபன் பாக்ஸ் அளவில் ஒரு கம்ப்யூட்டர், அதற்குள் லினக்ஸ். எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம், எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் ஒரு புரோகிராம். பல்லடத்தில் ஒரு சென்டரில் படித்தது பாதி, நானாகத் தட்டித் தட்டிக் கற்றுக்கொண்டது மீதி. டிரம் சுற்றிய அன்று முதலாளி சிவன்மலைக்குப் போய் முருகனுக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்தார். விபூதியை முதலில் என் கையில்தான் கொடுத்தார்.

ஒன்றை மட்டும் நான் வேண்டுமென்றே செய்யாமல் விட்டேன். கரண்ட் வந்து கம்ப்யூட்டர் எழுந்தாலும் புரோகிராம் தானாக ஓடாது. யாராவது கீபோர்டை மாட்டி, பாஸ்வேர்டு போட்டு, ஓடு என்று சொல்ல வேண்டும். அந்தப் பாஸ்வேர்டு எனக்கு மட்டும்தான் தெரியும். தானாக ஓட வைப்பது பெரிய வித்தை இல்லை. ஒரே ஒரு வரி எழுதினால் போதும். எழுதிவிட்டால் அப்புறம் முருகேஷ் எதற்கு? கறவை நின்ற மாட்டுக்கு எவன் தவிடு வைப்பான்?

இரண்டாயிரத்து எட்டில் கரண்ட் நம்மைப் படுத்திய பாட்டை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எப்போது போகும், எப்போது வரும் என்று ஜோசியக்காரனாலும் சொல்ல முடியாது. ஜெனரேட்டர் தையல் லைனுக்கே சரியாக இருந்தது. டிரையருக்கு ஈ.பி. கரண்ட் மட்டும்தான். அதனால் ஒவ்வொரு முறை கரண்ட் வரும்போதும் ஷெட்டே என்னைத் தேடும். "முருகேசைக் கூப்பிடு" என்று ஒருத்தர் சொல்லி, அடுத்தவர் சொல்லி, அந்தச் சத்தம் ஆபீஸ் ரூம் வரைக்கும் வந்து சேரும். நான் கீபோர்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்து போவேன். ஈரத்துணி ட்ராலிகளை நகர்த்தி எனக்கு வழிவிடுவார்கள். அந்த நடை எனக்குப் பிடித்திருந்தது, ஐயா. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. எங்கள் சொந்தத்தில் ஒருத்தன்கூட எனக்காக நாற்காலியை விட்டு எழுந்ததில்லை. கல்யாண வீட்டில் கடைசிப் பந்தியில்தான் எனக்கு இலை விழும். இந்த ஷெட்டில் மட்டும் நான் போய்த் தட்டினால்தான் வேலை நடக்கும். என்னிடம் இருந்தது அது ஒன்றுதான்.

இன்னொரு வழக்கத்தையும் சொல்ல வேண்டும். பனியன் துணி பஞ்சு உதிர்க்கும். அது டிரம்மின் ஓட்டையெல்லாம் அடைத்துக்கொள்ளும். ஓடுகிற நேரத்தில் மிஷினை நிறுத்திப் பஞ்சு எடுத்தால் சூப்பர்வைசர் குதிப்பார். ஆகவே கரண்ட் போகிற நேரம்தான் பஞ்சு எடுக்கிற நேரம் என்று ஆகிவிட்டது. உள்ளே இறங்குகிறவர் செருப்பைக் கழற்றிக் கதவுக்குக் கீழே ஜோடியாக விட வேண்டும். செருப்பு இருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது. இதை யாரும் எழுதி ஒட்டவில்லை, ஆனால் யூனிட்டில் எல்லோருக்கும் தெரியும். நானும் கீபோர்டைத் தொடும் முன் தரையைத்தான் பார்ப்பேன்.

கதவு திறந்திருந்தால் டிரம் சுற்றாதபடி ஒரு சின்ன ஸ்விட்ச்சும் இருந்தது. பஞ்சு படிந்து அது அடிக்கடி மக்கர் பண்ணவே, கன்னையன் ஒரு துண்டு ஒயரை முறுக்கி அதன் வேலையை நிரந்தரமாக முடித்துவிட்டார். "எதுக்குங்க அந்த எழவு, ஆளுகளுக்குக் கண்ணு இல்லீங்களா?" என்றார். முதலாளிக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆக, உள்ளே இருக்கிறவனைக் காப்பாற்ற ஒன்றுதான் மிச்சம். நான் வந்து தட்டாமல் மிஷின் ஓடாது. கரண்ட் வந்து விளக்கு எரிந்த பிறகும் அவர்கள் பதறாமல் உள்ளேயே இருந்து மிச்சப் பஞ்சையும் சுரண்டிவிட்டு வருவார்கள். என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

டேனியல் டிரையர் ஆபரேட்டர். அவிநாசிபாளையம் பக்கம் ஏதோ ஒரு தோட்டத்துக் குடும்பம். நல்ல உழைப்பாளி, சிரித்த முகம் என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. என்னைவிடச் சின்னவன். அண்ணா, அண்ணா என்றுதான் கூப்பிடுவான்.

ஒருநாள் முற்பகலில் கரண்ட் வந்தபோது நான் லேபிள் பிரிண்டரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன். கூப்பிட்டதும் ஓடுகிற ஆள் நான் இல்லை. அந்த நேரம் பார்த்து, சரக்கு வாங்குகிற பையிங் ஆபீஸ் ஆட்களை அழைத்துக்கொண்டு முதலாளி ஷெட்டுக்குள் வந்திருக்கிறார். ஈரத்துணி மலைபோலக் குவிந்து கிடக்கிறது, டிரையர் சும்மா நிற்கிறது. நான் உள்ளே நுழைந்தபோது அவர் டேனியலிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"கரண்டுதான் வந்துருச்சே, இன்னும் ஏன் நிக்குது?"

"முருகேசண்ணன் வரோணுமுங்க" என்றான் டேனியல். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, "எங்க தோட்டத்துக் கெணத்து மோட்டாருக்கு ஆட்டோ போட்டிருக்கறோமுங்க மொதலாளி. கரண்ட் வந்தா தானா எடுத்துக்கும், ஆரும் போக வேண்டியதில்லீங்க. அண்ணனோட கம்ப்யூட்டருக்கும் அப்படி ஒண்ணு போட்டுட்டா, அவரு பாவம், சும்மா சும்மா ஓடி வரவேண்டாமுங்க" என்றான்.

துணி மடிக்கிற மாரக்காள் அங்கேதான் நின்றிருந்தார். "ஏஞ்சாமி, கெணத்து மோட்டாருக்கு இருக்கற புத்தி கம்ப்யூட்டருக்கு இல்லீங்களா?" என்றார். ஷெட்டே சிரித்தது. வந்த ஆட்களும் சிரித்தார்கள். எல்லோரையும்விட முதலாளிதான் அதிகம் சிரித்தார். எனக்குத் தேங்காய் உடைத்த அதே முதலாளி.

சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார். "டேனியலு சொன்னதைப் பண்ணிப்போடு முருகேசு. அதுக்கப்பறம் நீ பேக்கிங்ல ஸ்டிக்கர் பாத்துக்க. அங்கதான் ஆளு பத்தலை" என்றார். ஸ்டிக்கர் என்றால், ஐயா, அட்டைப்பெட்டியில் ஸ்டிக்கர் நேராக ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கிற வேலை. கண் தெரிந்த யாரும் செய்யலாம்.

டேனியல் என்மேல் இருந்த அக்கறையில்தான் அப்படிச் சொன்னான் என்று பிறகு பலபேர் என்னிடம் சொன்னார்கள். இருக்கட்டும். அக்கறையோடு மிதித்தாலும் கால் வலிக்கத்தான் செய்யும்.

முதலாளி சொன்னபடி அந்த வரியை எழுதினேன். லினக்ஸில் கம்ப்யூட்டர் எழுந்து, தன் வேலைகளையெல்லாம் முடித்த பிறகு, கடைசியாக ஒரு கோப்பைத் திறந்து அதில் இருப்பதைச் செய்யும். ஆர்.சி. லோக்கல் என்று அதற்குப் பெயர். புரோகிராம் எங்கே இருக்கிறது என்று முழு முகவரியோடு அதில் எழுதிவிட்டால் போதும், யாரும் வந்து தட்ட வேண்டியதில்லை. அந்தக் கோப்பின் அடியில் எக்ஸிட் என்று ஒரு வரி இருக்கும். அங்கே வந்ததும் படிப்பதை நிறுத்திவிடும். நான் என் வரியை அதற்குக் கீழே எழுதிவிட்டேன். அரிச்சுவடித் தப்பு. வேலை போகிற கடுப்பில் கண் மறைத்துவிட்டது.

எல்லோரையும் கூட்டி வைத்துக்கொண்டு சோதித்துப் பார்த்தார் முதலாளி. கன்னையன் மெயினை இறக்கி ஏற்றினார். கம்ப்யூட்டர் எழுந்தது. டிரம் அசையவில்லை. மறுபடி இறக்கி ஏற்றினார்கள், மறுபடியும் அசையவில்லை. முதலாளி ஒரு பெருமூச்சு விட்டு, "ஆகறப்ப சொல்லு" என்று போய்விட்டார். கன்னையன் கொட்டாவி விட்டார். டேனியல் பக்கத்தில் வந்து என் தோளில் கை போட்டான்.

"விடுங்கண்ணா. நீங்க வந்து தட்டுனாத்தான் அது கேக்கும்போல. உங்களை உட்டா அதுக்கு ஆரு இருக்கறாங்க?"

மறுபடியும் சிரிப்பு. அந்தக் கை என் தோளிலேயே கிடந்தது. வியர்வையும் சோப்புத்தூளும் கலந்த வாசனை. நான் அவனை வெறுக்கத் தொடங்கியது அப்போதுதான். மூடி மறைக்க ஒன்றும் இல்லை, அடிவயிற்றிலிருந்து வெறுத்தேன்.

மறுநாள் அவன் லீவ். சோமனூரில் மச்சான் வீட்டுக் குழந்தைக்கு ஞானஸ்நானம் என்று மனைவியோடு போயிருந்தான். அவன் போகும்போது ஆட்டோ வேலை செய்யவில்லை என்பதைத் தன் கண்ணால் பார்த்துவிட்டுப் போனான். அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்குத் தப்பைக் கண்டுபிடித்தேன். வரியைத் தூக்கி எக்ஸிட்டுக்கு மேலே வைத்தேன். மெயினை இறக்கி ஏற்றச் சொன்னேன். தானாக ஓடியது. கரண்ட் வந்த புதிதில் வோல்டேஜ் ஏறி இறங்கும் என்பதால், கொஞ்ச நேரம் பொறுத்திருந்து ஓடும்படியும் செய்தேன். அந்தப் பொறுமைக்கு வேறு காரணம் எதுவும் அன்றைக்கு என் மனதில் இல்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும்.

ஷெட்டில் இருந்த எல்லோரிடமும் சொன்னேன். முதலாளியிடம் சொன்னேன், கன்னையனிடம் சொன்னேன், மாரக்காளிடம் சொன்னேன். இனிமேல் கரண்ட் வந்தால் தானாக ஓடும், பஞ்சு எடுப்பதாக இருந்தால் மெயினை இறக்கிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், கரண்ட் வரும்போது செருப்பைப் பார்த்தால் சத்தம் போடுங்கள் என்று ஒவ்வொருவரிடமும் பொறுமையாகச் சொன்னேன். என் கடமையை நான் செய்தேன்.

மாரக்காள் மட்டும் கேட்டார். "டேனியலுக்குத் தெரியுமா கண்ணு?"

"அவன் கேட்டு வாங்குனதுதானுங்களே" என்றேன்.

இதில் பொய் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள். அவன் கேட்டான், அவன் கேட்டது கிடைத்தது. அவனுடைய யோசனையை அவனுக்கே யார் போய்ச் சொல்வார்கள்? அதனால் யாரும் சொல்லவில்லை.

அடுத்த நாள் டேனியல் வேலைக்கு வந்தான். ஞானஸ்நான வீட்டு கேக்கில் ஒரு துண்டைக் காகிதத்தில் மடித்து எனக்கென்று தனியாகக் கொண்டுவந்திருந்தான். நன்றாக இருந்தது, முழுவதும் தின்றேன்.

"அந்த ஆட்டோ என்னாச்சுங்கண்ணா?" என்று கேட்டான்.

"பாத்துக்கிட்டிருக்கேன்" என்றேன்.

"அவசரமில்லீங்கண்ணா. மெதுவாப் பாருங்க."

அவன் மெதுவாகப் பார் என்றான், நானும் சரி என்று இருந்தேன். அவனுக்குச் சொல்ல மறந்துவிட்டேன் என்று, அவன் செத்த பிறகு முதலாளியிடம் சொன்னது ஒன்றுதான் இந்த விவகாரத்தில் நான் சொன்ன பொய். மறக்கவில்லை. கேக்கைத் தின்றுகொண்டிருந்தபோதும் ஞாபகம் இருந்தது.

முற்பகலில் கரண்ட் போனது. அவன் இல்லாத நாளில் மற்றவர்கள் பஞ்சை ஒழுங்காக எடுத்திருக்க மாட்டார்கள் என்று அவனுக்குத் தெரியும். உடனே உள்ளே இறங்கிவிட்டான். மாரக்காள் ஈரத்துணி எடுத்துவர வாஷிங் பக்கம் போயிருந்தார். கன்னையன் ஜெனரேட்டரைப் பார்க்கப் போயிருந்தார். நான் டிரையர் பக்கம் போனேன். கரண்ட் போனால் அந்தப் பக்கம் போவது எனக்குப் பழக்கம். கீபோர்டு மட்டும் என் கையில் இல்லை. இனி அதற்கு வேலை இல்லையே.

கதவுக்குக் கீழே செருப்பு ஜோடியாக இருந்தது. விசேஷத்துக்கு வாங்கியதுபோல, புதுசு. உள்ளே அவன் சுரண்டுகிற சத்தம் கேட்டது.

அங்கே நின்று யோசித்தேன். மாரக்காள் எப்போது வேண்டுமானாலும் திரும்பி வரலாம். செருப்பைப் பார்த்தால் கத்துவார். நான்தானே அப்படிச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அந்தச் செருப்பைக் காலால் தள்ளி, காலி ட்ராலிக்கு அடியில் விட்டேன். வழியில் கிடக்கிறது, சக்கரம் ஏறிவிடும் என்று தள்ளினேன் என்று சொல்லலாமென வைத்திருந்தேன். உங்கள் ஆட்கள் என்னைக் கேட்கவே இல்லை.

விளக்குகள் எரிந்தன. கம்ப்யூட்டர் பெட்டியில் சிவப்புப் புள்ளி வந்தது. லினக்ஸ் எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் ஆகும். அதற்குமேல் நான் வைத்த பொறுமை வேறு. வெற்றிலை போடுகிறவர் ஒருத்தர் நிதானமாகச் சுண்ணாம்பு தடவி மடித்து வாயில் வைத்துக்கொள்ளலாம், அவ்வளவு நேரம்.

உள்ளேயிருந்து அவன் குரல் வந்தது. "முருகேசண்ணா, வந்துட்டீங்களா?"

"வந்துட்டேன்."

"ஒரு ஓரம் இன்னும் பாக்கி இருக்குதுங்கண்ணா. தொட்டுராதீங்க."

"நான் தொடமாட்டேன், டேனியலு. நீ பாரு."

"சரிங்கண்ணா."

சர்ச்சில் பாடுகிற பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டு மறுபடி சுரண்ட ஆரம்பித்தான். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். மெயின் ஸ்விட்ச் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. பெட்டியின் ஒயரைப் பிடுங்கியிருக்கலாம். வெளியே வாடா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலும் போதும், பேச்சு நடந்துகொண்டுதானே இருந்தது. நான் எதையும் தொடவில்லை, ஐயா. சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினேன்.

புள்ளி பச்சையாக மாறியது. டிரம் எடுத்தது. ஒரு குலுக்கல் இல்லை, ஒரு திணறல் இல்லை. எல்லோருக்கும் முன்னால் அசையாமல் நின்று என் மானத்தை வாங்கிய அதே டிரம் அவ்வளவு அழகாக எடுத்தது. அப்போது மனதில் என்ன இருந்தது என்று கேட்டால், சந்தோஷம்தான் இருந்தது.

அவன் என் பெயரைச் சொல்லித்தான் கத்தினான். தூரத்தில் வரும்போதே கதவுக்குக் கீழே பார்த்துவிட்டு நிதானமாக வந்துகொண்டிருந்த மாரக்காள், துணியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். எங்கிருந்தோ கன்னையன் வந்து மெயினை இறக்கினார். நான் முதலில் பெட்டியைத்தான் பார்த்தேன். ஓடுகிறபோது அப்படிப் பட்டென்று கரண்டை நிறுத்தினால் புரோகிராம் இருக்கிற மெமரி கார்டு கெட்டுப்போகும். நல்லவேளை, கெடவில்லை.

அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். கதவு ஸ்விட்ச்சில் ஒயர் முறுக்கியிருந்ததைப் பார்த்துக் கன்னையனைப் பிடித்தீர்கள். மாரக்காள் உங்களிடம், "செருப்பு கண்ணுல படலீங்க சாமி, பட்டிருந்தா கத்தியிருப்பனுங்க" என்று மாரில் அடித்துக்கொண்டு அழுதார். இப்போதும் அந்த அம்மாள் டிரையர் பக்கம் போவதில்லை. தன் கண்ணில்தான் குற்றம் என்று நினைக்கிறார். கண் டாக்டரிடம்கூடப் போய்வந்ததாகச் சொன்னார்கள்.

டேனியல் வீட்டுக்கு முதலாளி என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அவன் மனைவி பிரியங்கா, சின்னப் பெண். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். "எங்க ஊட்டுல எப்பவும் உங்க பேச்சுத்தானுங்கண்ணா" என்றாள். "முருகேசண்ணனை சோறு திங்கக்கூட உடமாட்டீங்கறாங்க, பாதியில கைகழுவிட்டு ஓடியாறாருன்னு சொல்லிச் சங்கடப்படுவாருங்க. அதுக்குத்தானுங்க மொதலாளிகிட்ட அந்த ஆட்டோ பத்திச் சொல்லியிருக்கறாரு. உங்களுக்கு பெரிய எடத்துல வேலை கெடைக்கோணும், இங்க இருக்கற ஆளே இல்லீன்னு சொல்லுவாருங்க."

அவள் முகத்தில் பொய் இல்லை. ஆனாலும் செத்தவனைப் பற்றி யார்தான் கெட்டதாகச் சொல்வார்கள்? காபி கொடுத்தாள், குடித்துவிட்டு வந்தேன். நான் அன்றைக்கே உங்களிடம் ஓடிவந்திருப்பேன் என்று நீங்கள் நினைக்கலாம். வரவில்லை. நன்றாகத் தூங்கினேன். சாப்பாடும் வழக்கம்போல இறங்கியது.

இத்தனை மாதம் கழித்து இன்றைக்கு ஏன் வந்தாய் என்கிறீர்கள்.

நேற்று கோயம்புத்தூரிலிருந்து ஒரு இன்ஜினியரைக் கூட்டிவந்தார் முதலாளி. அயர்ன் கலையாத சட்டை, கழுத்தில் அடையாள அட்டை தொங்குகிற பட்டி. பெட்டியைத் திறந்து பார்த்தான். என் புரோகிராமில் ஒரு வரிகூட அவன் படிக்கவில்லை. ஷெட்டில் எல்லோரும் சுற்றி நிற்கும்போது, "இதெல்லாம் லோக்கலா எழுதுனதுங்க, எப்ப என்ன பண்ணும்னு சொல்ல முடியாது. கோளாறாகித் தானா ஓடியிருக்கு" என்றான். தானாக ஓட வைக்கச் சொன்னதே தான்தான் என்பது வெளியே வராதே என்று முதலாளி தலையை ஆட்டினார். யாரும் மறுத்துப் பேசவில்லை. பெட்டியைக் கழற்றி வேஸ்ட் அட்டையோடு மூலையில் வீசிவிட்டு, அந்த இடத்தில் ஒரு பச்சைப் பட்டனை வைத்துவிட்டுப் போனான். உங்கள் காகிதத்திலும் அப்படித்தான் எழுதியிருக்கிறதாம். கம்ப்யூட்டர் கோளாறால் மிஷின் தானாக ஓடியது என்று முதலாளி வாசித்துக் காட்டினார். நேற்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. டேனியல் செத்த அன்றுகூட அப்படி இருந்ததில்லை, ஐயா.

எது கோளாறு? நான் ராப்பகலாக உட்கார்ந்து எழுதியது. ஒரு தப்பு செய்தேன், வரியை இடம் மாற்றி வைத்தேன். அதையும் மறுநாளே திருத்திவிட்டேன். அதற்குப் பிறகு ஒருமுறைகூட அது பிசகியதில்லை. கரண்ட் வந்தது, எழுந்தது, பொறுத்திருந்தது, ஓடியது. எந்தச் சொல்லை எந்த இடத்தில் வைத்தேனோ அதன்படி நடந்தது. உள்ளே ஆள் இருக்கிறான் என்று அதற்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

எழுதிக்கொள்ளுங்கள். டேனியலை நான்தான் கொன்றேன். செருப்பை ஒளித்தது நான், நின்று பார்த்துக்கொண்டிருந்தது நான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். அதற்கு முன்னால், முதல் வரியில், புரோகிராமில் எந்தத் தப்பும் இல்லை என்று எழுதிவிடுங்கள்.